சூரிய மின் நிறுவுதிறன்: உலக வளர்ச்சி

சூரிய மின் நிறுவுதிறன் என்பது, முழு வெயிலில் ஒளிமின் தகடுகள் தரக்கூடிய உச்ச மின்திறன். உலகெங்கும் நிறுவப்பட்ட தகடுகளின் மொத்தத் திறன் 2000-இல் ஒரு கிகாவாட்டுக்குச் சற்றே மேல். 2012-இல் அது 100 கிகாவாட்டை எட்டி, 2022-இல் 1,000 கிகாவாட்டைக் கடந்தது. அது இருமடங்காக மேலும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளே பிடித்தன. வேறெந்த மின்னாக்க முறையும் இவ்வளவு வேகமாகப் பெருகியதில்லை.

1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவர் உருவாக்கிய சிலிக்கான் மின்கலம், தன்மேல் விழும் ஒளியில் சுமார் 6 விழுக்காட்டை மின்சாரமாக்கியது. அதன் விலை அன்று செயற்கைக்கோள்களுக்கே கட்டுபடியானது. 1958-இல் ஏவப்பட்ட வான்கார்ட்-1 அதைச் சுமந்து சென்றது.

தகடுகளைத் தரைக்குப் பரவலாகக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு, வெயில் குறைந்த ஜெர்மனியுடையது. கூரையில் விளையும் மின்சாரத்தை 20 ஆண்டுகளுக்கு நிர்ணயித்த விலையில் வாங்கியே தீரவேண்டும் என்று அந்நாடு 2000-இல் சட்டம் இயற்றியது. கடன் கொடுக்க வங்கிகள் முன்வந்தன. உழவர்கள் தொழுவக் கூரைகளிலும் தகடு பதித்தார்கள். அதற்கான செலவை ஜெர்மன் மக்கள் மின்கட்டணத்தில் கூடுதலாகச் செலுத்தினார்கள். இன்று உலகம் மலிவாகத் தகடு வாங்குவதற்கு அவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறது.

ஜெர்மனியில் உருவான தகட்டுத் தேவையை நிறைவேற்ற எழுந்தவை சீன ஆலைகள். ஆஸ்திரேலியாவில் சூரிய மின்கல ஆய்வாளர் மார்ட்டின் கிரீனிடம் பயின்ற ஷி ஜெங்ராங், 2001-இல் வூஷி நகரில் சன்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார். மொத்த உற்பத்தி இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் தகட்டின் விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவந்திருக்கிறது. விலை குறையக் குறைய வாங்குவோர் பெருகினர். அவர்கள் பெருக, விலை மேலும் இறங்கியது. இப்போது தகட்டு உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் சீனாவின் பங்கு 80 விழுக்காட்டுக்கு மேல். ஒரே நாட்டை உலகம் இந்த அளவுக்குச் சார்ந்திருப்பது ஆபத்தானது.

இந்தியா 2010-இல் தேசிய சூரியசக்தித் திட்டத்தைத் தொடங்கியது. 2022-க்குள் 100 கிகாவாட் என்று பின்னர் உயர்த்தப்பட்ட இலக்கு, 2025 ஜனவரியில் கைகூடியது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் அமைந்த 648 மெகாவாட் நிலையம் அக்காலத்தில் உலகின் மிகப்பெரியவற்றுள் ஒன்று. ராஜஸ்தானின் பட்லா பூங்கா 2,000 மெகாவாட்டைத் தாண்டியது.

நிறுவுதிறனை உற்பத்தியாக எண்ணிவிடக் கூடாது. இரவும் மேகமும் போக, ஆண்டுச் சராசரியில் உச்சத்திறனில் நான்கில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்ல விளைச்சல். 2024-இல் உலக மின் உற்பத்தியில் சூரிய ஒளியின் பங்கு சுமார் 7 விழுக்காடு. மாலையில் தேவை ஏறும் நேரத்தில் வெயில் மறைந்துவிடுவதால், கலிபோர்னியா போன்ற இடங்களில் பேட்டரி நிலையங்கள் இப்போது வேகமாகப் பெருகுகின்றன.

இவ்வளர்ச்சி பெரிதும் எட்டாத பெருநிலம் ஆப்பிரிக்கா. உலகின் தலைசிறந்த சூரிய வளத்தில் 60 விழுக்காடு அங்கிருந்தும், 2022 வரை நிறுவுதிறனில் அதன் பங்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடே. சூரிய மின்நிலையத்துக்கு எரிபொருள் செலவில்லை; ஏறக்குறைய முழுச் செலவும் முதலீடாக முன்கூட்டியே தேவைப்படுகிறது. அந்த முதலீட்டுக்கு ஆப்பிரிக்க நாடுகள் செலுத்தும் வட்டி, பணக்கார நாடுகளுடையதைவிடப் பன்மடங்கு.