இளவரசியா என்று கேட்டார்கள்

ஜெர்மனிக்குப் படிக்கப் போன நான்காம் நாள் மாலை, விடுதியின் பொதுச் சமையலறையில் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். வாசனை பிடித்துக்கொண்டு ஒரு தமிழ் அக்கா உள்ளே வந்தார். நான்கு நாட்களாக யாரிடமும் நேரில் தமிழ் பேசாத எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எந்த ஊரும்மா?"

"வேலூர்க்கா."

"வேலூர்ல?"

"கணியம்பாடி."

"கணியம்பாடியில எங்க?"

அந்த மூன்றாவது கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதைத் தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஊரா, காலனியா என்பதுதான் கேள்வி. பஸ் ஸ்டாண்டு பக்கம் என்று மழுப்பினேன். வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். அம்மா லெதரில் இருக்கிறார் என்றேன். "ஓ, ஆம்பூர்ப் பக்கம் மாதிரி லெதர் பிசினஸா? எக்ஸ்போர்ட்டா?" என்று அவராகவே முடித்துக்கொண்டார். ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ரசத்தைக் கிளறினேன்.

என் அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். விடியற்காலையில் எழுந்து, சோறு வடித்து, டிபன் பாக்ஸோடு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ரோட்டுக்கு ஓடுவார். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எங்கும் தையல் லைன்களில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தக் கூலியிலும் மகளிர் குழுக் கடனிலும் அடகு வைத்த கம்மலிலும்தான் நான் விமானம் ஏறினேன். ஜெர்மன் விசாவுக்கு ஓராண்டுச் செலவுத் தொகையை முன்கூட்டியே வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். வங்கிக் கடனும் சேர்ந்துதான் அந்தத் தொகை நிரம்பியது. அப்படி அனுப்பிய அம்மாவை நான்காம் நாளே முதலாளியாக்கிவிட்டேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எனக்கு முன்னால் கடல் கடந்து படிக்கப் போன பெண்கள் முதல் நாட்களில் என்ன செய்தார்கள் என்று தேடத் தொடங்கினேன். நம் வரலாற்று நூல்களில் அவர்கள் ஒரே வரியில் கப்பலேறி, அடுத்த வரியில் பட்டம் வாங்கிவிடுகிறார்கள். வாசலில் நிறுத்திக் கேட்கப்பட்ட கேள்விகள் அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் காணாமல் போய்விடுகின்றன.

1924இல் சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜானகி அம்மாள், தாவரவியல் படிக்க அமெரிக்கா போனார். தலச்சேரியில் 1897இல் பிறந்தவர். தீயர் சமூகம், அன்றைய கேரளச் சாதி அடுக்கில் தீண்டாமைக்கு உள்ளான சமூகம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆசியப் பெண்களுக்கென்று 1917இல் தொடங்கப்பட்ட பார்பர் உதவித்தொகை அவருக்குக் கிடைத்திருந்தது. அவர் போன காலம் மோசமானது. இந்தியர்கள் வெள்ளையரல்லர், எனவே குடியுரிமை பெறத் தகுதியில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1923இல் தீர்ப்பளித்திருந்தது. மறு ஆண்டு வந்த குடியேற்றச் சட்டம் ஆசியர்களுக்குக் கதவை அடைத்தது. மாணவர்களுக்கு மட்டும் ஒரு இடுக்கு இருந்தது.

நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவில் ஜானகியை நிறுத்தி வைத்தார்கள். நீண்ட கருங்கூந்தல், பட்டுடை. அவரை இந்திய இளவரசி என்று நினைத்து உள்ளே விட்டதாகவும், இளவரசிதானா என்று கேட்டபோது தான் மறுக்கவில்லை என்று அவரே சொன்னதாகவும் அவரைப் பற்றி எழுதுபவர்கள் குறிப்பிடுகிறார்கள். பிறகு மார்த்தா குக் என்ற பெண்கள் விடுதியில் தங்கிப் படித்து, 1931இல் முனைவரானார்.

இந்தச் செய்தியைப் பலரும் சிரிப்போடுதான் சொல்கிறார்கள். எனக்கு முதலில் ஆறுதலாக இருந்தது, நானும் மறுக்கவில்லையே. யோசிக்க யோசிக்க ஆறுதல் கரைந்தது. ஜானகியைக் கேட்டவர் சீருடை அணிந்த அதிகாரி. அவருக்குத் தீயர் என்றாலும் நம்பூதிரி என்றாலும் ஒன்றுதான். அந்தத் தவறான யூகத்தைக் கதவு திறக்கும் சாவியாக ஜானகி எடுத்துக்கொண்டார். என்னைக் கேட்டவரோ என் மொழி பேசுபவர், என்னை அன்போடு அழைத்தவர். என்னை எங்கும் நிறுத்தி வைக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அப்படியிருந்தும் நான் பயந்தேன்.

ஜானகிக்கு நாற்பத்தோரு ஆண்டுகள் முன்பு போனவர் ஆனந்திபாய் ஜோஷி. தபால் துறை ஊழியரின் மனைவி. மராட்டியப் பிராமணப் பெண். பதினான்கு வயதில் பெற்ற குழந்தை பத்தே நாளில் இறந்துபோனது. 1883 ஏப்ரலில் கல்கத்தாவில் கப்பலேறி ஜூன் மாதம் நியூயார்க்கில் இறங்கியபோது அவருக்குப் பதினெட்டு வயது. துறைமுகத்தில் தியடோசியா கார்ப்பென்டர் என்ற பெண் காத்திருந்தார். பல் மருத்துவரிடம் காத்திருந்த நேரத்தில் புரட்டிய ஒரு மிஷனரி இதழில் ஆனந்தியின் கணவர் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணுக்குக் கடிதம் எழுதத் தொடங்கியவர் அவர். ஆனந்தியைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். இந்துவாகப் போய் இந்துவாகவே திரும்புவேன் என்று ஊரில் வாக்குக் கொடுத்துவிட்டுப் போன ஆனந்தி, பென்சில்வேனியாப் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் குளிரிலும் புடவைதான் கட்டினார், சைவம்தான் சாப்பிட்டார். 1886 மார்ச்சில் பட்டம் பெற்றார். 1887 பிப்ரவரியில் காசநோயால் புனேயில் இறந்தார். ஊர் கேட்ட உத்தரவாதத்தை அவர் உடம்பால் கட்டினார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவருடைய அஸ்தி கார்ப்பென்டருக்கு அனுப்பப்பட்டு அவர்கள் குடும்பக் கல்லறையில் வைக்கப்பட்டது.

சில ஆண்டுகள் கழித்து அதே கல்லூரிக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் போனார். ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர். அமெரிக்க மிஷனரி குடும்பம். அமெரிக்க வெள்ளைக்காரப் பெண் என்பதால் எல்லிஸ் தீவும் இல்லை, மூன்றாவது கேள்வியும் இல்லை. கார்னெலில் 1899இல் படிப்பை முடித்துத் திரும்பி வந்து, 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிசயம் என்றார் அரசின் உயர் மருத்துவ அதிகாரி. வந்தவை 151 விண்ணப்பங்கள். பெண்களுக்கு ஆசை இல்லாமலில்லை, கதவுதான் இல்லை என்பதை அந்த எண் சொல்லிவிட்டது.

அந்தப் பள்ளிதான் இன்றைய சி.எம்.சி. அதன் சமுதாய மருத்துவத் துறை பல பத்தாண்டுகளாகப் பணிபுரியும் இடம் எங்கள் கணியம்பாடி ஒன்றியம். வீட்டு வாசலில் உட்கார்ந்து பேரேட்டில் எழுதிய சுகாதாரப் பணியாளரைப் பார்த்துத்தான் பொதுச் சுகாதாரம் என்றொரு படிப்பு இருப்பதே எனக்குத் தெரியும்.

இரண்டாம் வாரம் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். அவரவர் ஊரைப் பற்றி வெளியான ஆய்வு ஒன்றைக் கண்டுபிடித்துப் பேச வேண்டும். நூலகத்தில் கணியம்பாடி என்று தட்டினேன். என் சின்ன ஊரின் பெயர் பக்கம் பக்கமாக வந்தது. அதில் ஒன்று, 2004இல் 'லான்செட்' இதழில் வந்தது. 1992 முதல் 2001 வரை எங்கள் ஒன்றியத்தில் 10 முதல் 19 வயதுவரை உள்ளவர்களின் தற்கொலைகளைப் பற்றியது. ஆண்டுக்குச் சராசரியாக ஒரு லட்சம் ஆண்களுக்கு 58, பெண்களுக்கு 148.

நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. நான் பிறப்பதற்குச் சற்று முந்திய ஆண்டுகள். என் அத்தைகள், சித்திகளின் வயதுப் பெண்கள். வீட்டில் தாழ்ந்த குரலில் பேசி நிறுத்திவிடும் பெயர்கள் எனக்கும் தெரியும். பத்தாவது முடித்ததும் என்னைக் கம்பெனிக்கு அனுப்பு என்றும், கட்டிக்கொடு என்றும் சொன்ன உறவினர்கள் எல்லாரையும் அம்மா ஏன் அவ்வளவு மூர்க்கமாக எதிர்த்தார் என்பது அந்த மேசையில்தான் எனக்குப் புரிந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் எனக்கு முன்பே கடல் கடந்து வந்து, எண்களாக அந்த நூலகத்தில் இருந்தார்கள்.

வகுப்பில் அந்தக் கட்டுரையைத்தான் எடுத்துப் பேசினேன். "இது என் ஊர். நாங்கள் காலனிக்காரர்கள். என் அம்மா ஷூ தைக்கும் தொழிலாளி" என்று தொடங்கினேன். சமையலறை அக்கா வேறு துறை. ஆனாலும் செய்தி அவரை எட்டியது. பிறகு எங்கள் சமையல் நேரம் ஒத்துப்போகவில்லை. அவர் திட்டவுமில்லை, ஒதுக்குகிறேன் என்று சொல்லவுமில்லை. சொல்லாமல் நடக்கும்போது யாரிடம் போய் முறையிடுவது?

ஆனந்திக்கு ஒரு கார்ப்பென்டர், ஜானகிக்கு ஒரு பெண்கள் விடுதி. முதல் நாட்களில் கதவைத் திறந்து நின்றவர்களையும் நம் வரலாறு எழுத வேண்டும். அவர்கள் இல்லாத பெண்கள் என்ன சொல்லித் தப்பித்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். என் கதவைத் திறந்தவர் துறைமுகத்தில் இல்லை. தையல் லைனில் இருந்தார். அன்றிரவு போனில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளியாக்கியதையும் சொன்னேன். சிரித்தார். "போவட்டும், இன்னா சாப்ட?" என்று கேட்டார்.

இந்த ஆண்டு தமிழ்நாட்டிலிருந்து புதிதாக ஒரு பெண் வந்தாள். ரயில் நிலையத்துக்குப் போய் அழைத்து வந்தேன். முகவரிப் பதிவுக்குக் கூடப் போனேன். ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது என்று சனிக்கிழமையே அரிசி வாங்கி வைத்தேன். எந்த ஊர் என்று மட்டும் கேட்டேன். பிறகு, அவள் கேட்காமலேயே, என் அம்மா என்ன வேலை செய்கிறார் என்று சொன்னேன்.