வெள்ளைத் திட்டில் பிறந்த சித்திரக்குள்ளன்

 

போலந்து நாட்டில் ஓடர் நதிக்கரையில் வ்ரோட்ஸ்வாஃப் என்றொரு நகரம். 1945 வரை ஜெர்மானியர் கையில் இருந்து ப்ரெஸ்லாவ் என்று அழைக்கப்பட்ட ஊர் அது. இன்று அங்கே சுற்றுலா போகிறவர்கள் கோபுரங்களை அண்ணாந்து பார்ப்பதைவிடத் தரையைக் குனிந்து பார்ப்பதுதான் அதிகம். தெருமுனை, ஜன்னல் விளிம்பு, விளக்குக் கம்பத்தடி என்று எங்கு பார்த்தாலும் ஒரு சாண் உயரத்தில் வெண்கலச் சித்திரக்குள்ளர்கள். ஒருவன் துணி துவைக்கிறான், ஒருவன் வாள் வீசுகிறான். நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். பிள்ளைகள் தேடித்தேடி எண்ணுகிறார்கள்.

வேடிக்கைக்கு வைத்த பொம்மைகள்தானே என்று தோன்றும். ஆனால் இந்தக் குள்ளன் பிறந்த கதை வேடிக்கையானதல்ல.

1981 டிசம்பர் 13. போலந்தின் கம்யூனிஸ்ட் அரசின் தலைவர் ஜெனரல் யாருசெல்ஸ்கி நாட்டில் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். லேக் வலேசா தலைமையிலான சாலிடாரிட்டி தொழிற்சங்கம் முடக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டனர். தெருவில் டாங்கிகள், இரவில் ஊரடங்கு.

மக்கள் இருட்டில் வந்து சுவரில் அரசுக்கு எதிரான முழக்கங்களை எழுதினார்கள். விடிந்ததும் ஆட்கள் வந்து அதன்மேல் பெயின்ட் அடித்து மறைத்தார்கள். ஊரெங்கும் சுவர்களில் திட்டுத்திட்டாக வெள்ளை. எழுத்து மறைந்தாலும், அங்கே ஏதோ எழுதியிருந்தது என்பதை அந்தத் திட்டே காட்டிக்கொடுத்தது.

வால்டமார் ஃபிட்ரிக் என்ற இளைஞர் இதைக் கவனித்தார். வரலாறும் கலை வரலாறும் படித்தவர். தனக்குத் தானே 'மேஜர்' என்று பட்டம் சூட்டிக்கொண்டவர். 1982 ஆகஸ்ட் இறுதியில் ஓர் இரவு, நண்பர் ஒருவரோடு போய் அப்படியொரு திட்டின்மேல் கூம்புத் தொப்பி போட்ட குள்ளன் ஒருவனை வரைந்தார். பிறகு ஊர் ஊராகக் குள்ளர்கள் முளைத்தார்கள்.

இதற்கு அவர் சொன்ன விளக்கம்தான் அருமை. முழக்கம் என்பது கருத்து. அதை மறைத்த திட்டு எதிர்க்கருத்து. இரண்டும் மோதிப் பிறந்த இணைவு குள்ளன்! மார்க்சியப் பாடநூலில் உள்ள அதே இயங்கியல் வாய்ப்பாடு. ஆட்சியாளர்களின் பாடத்தை வைத்தே ஆட்சியாளர்களைக் கேலி செய்தார்.

அவர் தொடங்கிய இயக்கத்துக்கு 'ஆரஞ்சு மாற்று' என்று பெயர். 1987-இல் ஸ்விட்னிட்ஸ்கா தெருவில், தட்டுப்பாடாக இருந்த டாய்லெட் பேப்பரைப் போவோர் வருவோருக்கெல்லாம் ஒவ்வொரு தாளாக இலவசமாக வழங்கினார்கள். 1988 ஜூன் 1, குழந்தைகள் தினத்தன்று 'குள்ளர் புரட்சி' என்று அழைப்பு விடுத்தார்கள். கூம்புத் தொப்பி அணிந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டதாகச் சொல்கிறார்கள்.

இப்போது போலீஸ்காரரின் நிலையை நினைத்துப் பாருங்கள். முழக்கம் போட்டவனைப் பிடித்தால் காரணம் சொல்லலாம். தொப்பி போட்டவனைப் பிடித்தால் என்னவென்று வழக்கு எழுதுவது? விட்டால் கூட்டம் பெருகும். பிடித்தால் ஊரே சிரிக்கும். பிடிக்கவும் செய்தார்கள், ஊர் சிரிக்கவும் செய்தது.

குள்ளன்தான் ஆட்சியைக் கவிழ்த்தான் என்று நான் சொல்ல வரவில்லை. தொழிலாளர் வேலைநிறுத்தங்களும், நொடித்துப்போன பொருளாதாரமும், மாஸ்கோவில் கோர்பச்சேவ் கொண்டுவந்த மாற்றங்களும் சேர்ந்துதான் 1989 ஜூன் 4 தேர்தலுக்கு வழிவகுத்தன. ஆனால் பயந்து, தலைகுனிந்து, யாரையும் நம்பாமல் நடந்துகொண்டிருந்த மனிதன், சுவரில் ஒரு குள்ளனைப் பார்த்துச் சிரிக்கிறான். பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவனும் சிரிக்கிறான். இருவர் கண்ணும் சந்திக்கின்றன. 'இவனும் நம்மைப் போலத்தான்' என்று இருவருக்கும் புரிகிறது. பயத்தை வைத்து ஆளுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறு இல்லை.

2001-இல் அதே ஸ்விட்னிட்ஸ்கா தெருவில் இயக்கத்தின் நினைவாக 'அப்பா குள்ளன்' சிலை வைக்கப்பட்டது. 2005-இல் சிற்பி தோமாஷ் மோச்செக் மேலும் ஐந்து குள்ளர் சிலைகள் செய்தார். அதில் ஒன்றில், ஒரு கல் உருண்டையை இரண்டு குள்ளர்கள் எதிரெதிர்ப் பக்கம் நின்று தள்ளுகிறார்கள். உருண்டை எங்கே நகரும்! நகர மன்றத்தின் அருகே வெள்ளைக் கோலுடன் ஒருவன், காது கேளாத ஒருவன், சக்கர நாற்காலியில் ஒருவன் என மூவர் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளும் இந்த ஊரின் குடிமக்களே என்பதை ஒரு புன்னகையோடு நினைவூட்டுகிறார்கள்.

இன்று கடைகளும் ஓட்டல்களும்கூடத் தங்கள் வாசலுக்கென்று ஒரு குள்ளனைச் செய்து வைத்துக்கொள்கின்றன. அதில் தவறில்லை. வழிப்போக்கனைச் சிரிக்க வைப்பது நல்ல காரியம்தான். ஆனால் செல்ஃபி எடுத்துவிட்டு நகர்கிற பிள்ளைக்கு, இந்தச் சிரிப்புக்காக ஒரு காலத்தில் போலீஸ் வண்டியில் ஏறியவர்கள் இருந்தார்கள் என்று யாராவது சொல்ல வேண்டாமா? அதைச் சொல்லாவிட்டால், அந்த வெள்ளைத் திட்டின்மேல் இன்னொரு முறை பெயின்ட் அடித்தது போலத்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.