டிரஸ்ஸர் இல்லாத திரை: பத்தாங் பெர்ஜுந்தாய்த் தோட்டங்களும் காணொளி மருத்துவமும்

காணொளி வழி மருத்துவரைப் பார்ப்பது பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் தூரத்திலிருந்தே தொடங்குகின்றன. மருத்துவர் நகரத்தில் இருக்கிறார், நோயாளி உள்ளே எங்கோ இருக்கிறார், இடையில் உள்ள தொலைவைத் திரை விழுங்கிவிடும் என்பது வாதம். மலேசியாவின் கோல சிலாங்கூர் மாவட்டத்துப் பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத்தை வைத்துப் பார்த்தால் இந்த வாதம் பாதி வழியிலேயே நின்றுபோகிறது. அங்குள்ள தோட்டங்களில் மருத்துவர் எந்தக் காலத்திலும் பக்கத்தில் இருந்ததில்லை. அவர் பக்கத்தில் இல்லாமலே நடப்பதற்கென்று ஒரு மருத்துவ ஏற்பாடு உருவாகிப் பல தலைமுறைகளுக்கு நடந்தது. அதைத் தாங்கியவர் டிரஸ்ஸர் எனப்பட்ட தோட்ட மருத்துவ உதவியாளர். தோட்டத்து மக்கள் பின்னாளில் இழந்தது அந்த டிரஸ்ஸர் நின்ற இடத்தை. காணொளியோ எப்போதும் தொலைவிலேயே இருந்த மருத்துவரை மட்டும் கொண்டுவந்து தருகிறது.

2007-இல் ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றப்பட்டது. தமிழர் பேச்சில் பழைய பெயர்தான் இன்னும் நிற்கிறது. ஈயக் கப்பல்கள் தோண்டிவிட்டுப் போன குளங்கள் ஒரு பக்கம், சிலாங்கூர் ஆறு ஒரு பக்கம், மற்றதெல்லாம் தோட்டம். 1917-இல் இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிரை நட்டார். அவரே பிறகு மலாயா வாழ்க்கையை நாவலாக்கி 1930-இல் கொங்கூர் பரிசு பெற்றார். நாவலை நினைவில் வைத்திருப்பவர்கள் அதே மண்ணில் காய்ச்சலில் கிடந்தவர்களை அவ்வளவாக நினைப்பதில்லை. ரப்பர்த் தோட்டங்களின் தொடக்க ஆண்டுகளில் மலேரியா கூலிகளை வாரிக்கொண்டு போனது. 1901-இல் கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தின் நீரை வடித்துக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். 1911-இல் வெளியான அவருடைய நூல் தோட்டத்துச் சாவுகளை எண்களில் நிறுத்தியது. ஆள் செத்தால் பால் வெட்ட ஆளில்லை என்பது முதலாளிகளுக்கும் விளங்கியது. மருத்துவ வசதி தருவது சட்டக் கடமையானது.

அந்தக் கடமையை மலிவாக நிறைவேற்றும் வழிதான் டிரஸ்ஸர் ஏற்பாடு. பல தோட்டங்களுக்கு ஒரு மருத்துவர் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்டார். குறித்த நாளில் காரில் வந்து போவார். மற்ற நாள்களில் டிரஸ்ஸரே எல்லாம். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது வராதவர்களின் கணக்கு அவரிடம் போகும். மலேரியாவுக்கான கொய்னா மருந்தைக் கண் முன்னால் விழுங்க வைப்பார், பால்கத்தி கிழித்த விரலைத் தைப்பார், ஆயாக்கொட்டகைக் குழந்தைகளைப் பார்ப்பார், எவரை வேலையிலிருந்து நிறுத்தலாம், எவரை நிறுத்தக்கூடாது என்று எழுதுவார். மருத்துவர் வரும் நாளில் டிரஸ்ஸர் தன் புத்தகத்தை விரித்து வைத்துக் குறித்து வைத்திருந்தவர்களை மட்டும் வரிசையில் நிறுத்துவார். மருத்துவர் நோயாளியை முதலில் பார்த்தது அந்தப் புத்தகத்தில்தான். இதைத் தொலைவு மருத்துவம் என்று அப்போது எவரும் அழைக்கவில்லை. ஆனால் நடந்தது அதுதான். முடிவெடுப்பவர் ஓரிடம், தொட்டுப் பார்ப்பவர் வேறிடம். நாடு விடுதலை பெற்ற பிறகும் இந்த ஏற்பாடு நிலைத்தது. தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யவே 1965-இல் தனிச் சட்டம் ஒன்று வந்தது.

டிரஸ்ஸரை இன்று நினைவுகூர்பவர்கள் அவரைக் கனிவானவராக்கிவிடுகிறார்கள். அந்த நினைவை அப்படியே ஏற்பதற்கில்லை. அவர் தோட்ட நிர்வாகியான துரையிடம் சம்பளம் வாங்கியவர். எழுத்தர்களான கிராணிமார் வரிசையில் வைத்து எண்ணப்பட்டவர், பெரும்பாலும் தொழிலாளியின் சாதியோ ஊரோ சாராதவர். காய்ச்சல் உண்மையா, நடிப்பா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவரிடம் இருந்தது. அந்தத் தீர்மானம் மருத்துவத் தீர்மானம் மட்டுமே என்று சொல்ல முடியாது. 1941-இல் கிள்ளானில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்தி, கோல சிலாங்கூர் வட்டாரம்வரை பரவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலில், துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டிய அவமானத்தை நீக்குவதும் இருந்தது, முறையான மருத்துவ வசதியும் இருந்தது. இரண்டும் ஒரே பட்டியலில் வந்தது தற்செயல் இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியின் குறை மருந்துக் குறை மட்டும் அன்று. நோயாளியின் உடல் யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்ற குறையும்தான்.

ஆகவே காணொளி மருத்துவத்துக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வலுவான கூற்று இங்கிருந்துதான் பிறக்கிறது. தூரம் குறைவதைவிடப் பெரிய நன்மை, மருத்துவர் முதலாளியின் ஆள் இல்லாமல் போவது. இன்று செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டும் வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளர்களுக்கு இந்த நன்மை தமிழர்களைவிடக் கூடுதலாகவே பொருந்தும். அவர்களுடைய கடப்பிதழையும் மருத்துவச் சோதனையையும் பல இடங்களில் ஒரே கை கையாள்கிறது. அந்தக் கைக்கு எட்டாத ஒரு மருத்துவரிடம் கைத்தொலைபேசியில் பேச முடிவது சிறிய விஷயம் அன்று.

ஆனால் இந்த வட்டாரத்தில் எஞ்சியிருப்பவர் யார், எவரிடம் எந்த நோய் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பால்மரத்தை விடச் செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். தோட்டங்கள் கைமாறின, ஒன்றோடொன்று இணைந்தன, டிரஸ்ஸர் வேலைகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் முதலிய தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் வீட்டுக்காகப் பல்லாண்டுகள் போராடியது இந்த வட்டாரத்தின் அறிந்த கதை. இளையோர் ரவாங்குக்கும் சுங்கை பூலோவுக்கும் வேலை தேடிப் போய்விட்டார்கள். எஞ்சியிருப்பவர்களில் முன்னாள் பால்வெட்டுக்காரர்கள், குறிப்பாக மூதாட்டிகள், மிகுதி. அவர்களுக்கு வந்திருப்பவை மலேரியாவும் கொக்கிப்புழுவும் இல்லை; இனிப்புநீர், இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே அது மிக அதிகம். அரசுக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). ஆகவே இங்கே பணம் முதல் தடை ஆகாது. பேருந்து இல்லாத செம்மண் சாலையும், மகன் வேலையை விட்டுவிட்டுக் காரில் ஏற்றிப் போக வேண்டியிருப்பதும், அரை நாள் காத்திருப்பும்தான் தடை.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் இந்தத் தடை எல்லாருக்கும் பொதுவானது. சுகாதார அமைச்சு இணைய வழி ஆலோசனையைத் திறந்தது. கோவிட் கண்டவர்களை மெய்நிகர் மதிப்பீட்டு மையங்கள் வீட்டிலிருந்தபடியே கண்காணித்தன. அரசுக் கிளினிக்குகளிலும் காணொளிச் சந்திப்பு இடம் பிடித்தது. இரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்வதற்கும், மாத்திரையின் அளவை மாற்றுவதற்கும், மனநல ஆலோசனைக்கும் அது நன்றாகவே உதவியது. பெஸ்தாரி ஜெயாவில் உள்ள சிலாங்கூர் பல்கலைக்கழக மாணவர் ஒருவருக்கு அது போதும். அவரைப் பற்றி இங்கே மேலும் எழுத ஒன்றுமில்லை.

இனிப்புநீர் முற்றிய ஒருவரின் காலை எடுத்துக்கொள்வோம். கிளினிக்கில் அந்தக் காலைப் பார்க்கும் முறை எளியது. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பெருவிரல் அடியிலும் பாதத்தின் முன்மேட்டிலும் வைத்து, தொட்டது தெரிகிறதா என்று கேட்பார்கள். விரல் இடுக்கை விரித்துப் பார்ப்பார்கள். கணுக்காலுக்குப் பின்னும் பாதத்தின் மேலும் நாடி துடிக்கிறதா என்று விரல் வைப்பார்கள். தோல் சூடா, குளிர்ச்சியா என்று புறங்கை சொல்லும். புண் இருந்தால் மூக்கும் சொல்லும். இவற்றில் எதையும் திரை செய்யாது. முப்பது ஆண்டு பால்மர நிரையில் நடந்து காய்த்துப்போன உள்ளங்காலில் ஆணிக்கும் புண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைக் கைத்தொலைபேசிக் கேமரா காட்டுவதில்லை. வெயில் பட்ட பக்கம் வெளுத்துப்போகிறது, மற்றப் பக்கம் இருட்டு. பேரன் குனிந்து போனைப் பிடிக்கிறான். மருத்துவர் இன்னும் கிட்டக் காட்டச் சொல்கிறார். கிட்டக் கொண்டுபோனால் படம் கலங்குகிறது. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறாள் பாட்டி. உணர்ச்சி போன காலுக்கு வலிக்காது, அதுதான் ஆபத்து. ஆனால் திரையில் அந்த ‘இல்லை’ நற்செய்தியாகப் போய்ச் சேரும்.

பேரன் அங்கே இருப்பது இன்னொரு சிக்கல். மருத்துவர் பேசும் மலாயைப் பாட்டிக்கும், பாட்டியின் தமிழை மருத்துவருக்கும் அவன்தான் கொண்டு சேர்க்கிறான். சர்க்கரை கூடிய பெண்களுக்குச் சிறுநீர் வழியில் வரும் அரிப்பைப் பற்றியோ, இரவில் சிறுநீர் அடக்க முடியாததைப் பற்றியோ எந்தப் பாட்டி பதினாறு வயதுப் பேரனை வைத்துக்கொண்டு பேசுவாள்? பழைய டிரஸ்ஸரிடமும் அவள் கூச்சப்பட்டிருப்பாள். இருந்தாலும் அவர் வீட்டுப் பிள்ளை அல்லர்.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலை வேறு வழியில் அவிழ்த்தவர்கள் இருக்கிறார்கள். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்து வருகிறது. அங்கே மருத்துவர் இல்லை. அந்தப் பகுதியிலிருந்தே எடுத்துப் பயிற்சி தரப்பட்ட பெண் பணியாளர் விளக்குக் கருவியில் கண்ணைப் பார்த்து, அழுத்தம் அளந்து, படம் எடுத்துக் குறிப்பெழுதுகிறார். அதன் பிறகுதான் தலைமை மருத்துவமனையில் இருக்கும் கண் மருத்துவர் காணொளியில் நோயாளியோடு பேசுகிறார். இந்திய அரசின் இ-சஞ்சீவனி ஏற்பாட்டிலும் இரு கிளைகள் உண்டு: ஒன்று நோயாளி வீட்டிலிருந்து நேரே அழைப்பது, மற்றது துணைச் சுகாதார நிலையத்தில் ஒரு சுகாதாரப் பணியாளரின் பக்கத்தில் அமர்ந்து மருத்துவரோடு பேசுவது. 2000-ஆம் ஆண்டில் ஆந்திரத்தின் அரகொண்டாவில் அப்பல்லோ தொடங்கிய தொலைமருத்துவமும் ஒரு சிற்றூர் மருத்துவமனையைத்தான் நகரத்தோடு இணைத்தது. நோயாளியின் வீட்டை நேரே இணைக்கவில்லை. வேறு பெயரில், வேறு முதலாளியின் கீழ், டிரஸ்ஸர் அங்கெல்லாம் திரும்பி வந்திருக்கிறார்.

மலேசியச் சட்டத்துக்கும் இது தெரியாததில்லை. மல்டிமீடியா பெருவழித் திட்டத்தின் உற்சாகத்தில் நாடாளுமன்றம் 1997-இல் தொலைமருத்துவச் சட்டத்தை நிறைவேற்றியது. நோயாளியின் எழுத்து மூலமான இசைவு வேண்டும் என்றது அச்சட்டம். முழுப்பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில், மருத்துவ உதவியாளரும் தாதியும் பேறுகால மாதும் தொலைமருத்துவத்தில் ஈடுபடச் சுகாதாரத் தலைமை இயக்குநர் அனுமதிக்கலாம் என்றும் வகை செய்தது. கால் நூற்றாண்டு கடந்தும் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. விளைவு, பெருந்தொற்று வந்தபோது காணொளிச் சந்திப்பை மருத்துவ மன்றத்தின் அறிவுரைகளே வழிநடத்த வேண்டியிருந்தது. கவனமெல்லாம் மருத்துவர், நோயாளி என்ற இருவர்மேல் குவிந்தது. இடையில் நிற்கும் மூன்றாமவரைப் பற்றிய சிந்தனை அமலுக்கு வராத அந்தச் சட்டத்திலேயே தங்கிவிட்டது.

அந்த மூன்றாமவராகத் தாதி ஒருவர் பக்கத்தில் இருப்பார் என்றால் காணொளி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை பழைய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. டிரஸ்ஸர் மருத்துவருக்கு மாற்றாக இருந்தபோது தவறுகள் நேர்ந்தன. மருத்துவருக்குக் கையாக இருந்தபோது ஏற்பாடு வேலை செய்தது. அன்று மருத்துவர் கார் வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பைக் காணொளி நீக்கிவிடும். தஞ்சோங் காராங் மருத்துவமனையிலோ சுங்கை பூலோவிலோ இருக்கும் மருத்துவர், கிராமக் கிளினிக்கில் தாதி இழை வைத்துப் பார்ப்பதைத் திரையில் பார்த்து, அன்றே முடிவெடுக்கலாம். செலவு கூடும் என்பதும் உண்மை. செயலி ஒன்றை வெளியிடுவதைவிட ஓர் ஆளை அமர்த்துவது எப்போதும் செலவுதான். காணொளிச் சந்திப்புகளின் எண்ணிக்கையை மட்டும் ஆண்டறிக்கையில் ஏற்றும் நிர்வாகத்துக்குச் செயலி இனிக்கும். காப்பாற்றிய கால்களின் கணக்கையும் கேட்டால் அதே நிர்வாகம் தாதியைத் தேடத் தொடங்கும்.

அந்த ஆளுக்குச் சம்பளம் யார் தருவது என்பதில்தான் விவாதம் கடினமாகிறது. தொழிலாளர்களின் குடியிருப்பு, வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம், தோட்ட முதலாளியின் மருத்துவக் கடமையைத் தொழிலாளரோடும் அவரைச் சார்ந்தவரோடும் கட்டுகிறது. ஓய்வு பெற்றுத் தாமான் குடியிருப்புக்குப் பெயர்ந்துவிட்ட பால்வெட்டுக்காரி அந்த வேலியின் வெளியே நிற்கிறாள். முதலாளியிடம் கேட்டால், 1941-இல் எழுந்த குறை வேறு உருவில் திரும்பி வரவும் கூடும். எனவே அந்தப் பணியாளரின் சம்பளம் பொதுச் சுகாதாரத் துறையின் பட்டியலில் இருக்க வேண்டும், தமிழும் மலாயும் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும், பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. புதுக் கட்டடம் தேவையில்லை. கிராமக் கிளினிக்கில் ஓர் அறை, கதவை மூடிக்கொள்ளும்படியாக ஒன்று, போதும். நைலான் இழை, இரத்த அழுத்தக் கருவி, நல்ல விளக்கு, அசையாமல் நிற்கும் கேமரா. மருந்தை அஞ்சலில் அனுப்பும் ஏற்பாடு அரசு மருத்துவமனைகளில் ஏற்கெனவே உண்டு. அஞ்சல் தோட்ட அலுவலகத்தோடு நின்றுவிடும் இடங்களில், அந்தப் பொட்டலமும் இதே அறைக்கு வரலாம்.