முழங்கால் மூட்டு விலகினால்: காலைக் காக்கும் முதல் சில மணி நேரம்

பைக்கிலிருந்து விழுந்தவர் எழுந்து நிற்க முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறார். சுற்றி நிற்பவர்களில் ஒருவர், "முட்டி நழுவிடுச்சு, இழுத்து விட்டா சரியாகிடும்" என்கிறார். இன்னொருவர், "புத்தூர் கட்டு போடுற இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்கிறார். மூன்றாமவர், "எண்ணெய் போட்டு நீவி விடுங்க" என்கிறார். பாலக்கரையிலும் கேட்கலாம், ஸ்ரீரங்கத்திலும் கேட்கலாம். மூன்று ஆலோசனைகளும் அக்கறையால் சொல்லப்படுபவைதான். ஆனால் விலகியிருப்பது முழங்கால் மூட்டு என்றால், அந்த மூன்றில் எதுவும் ஒருவரின் காலையே பறித்துவிடலாம்.

காலில் கட்டுடன் பள்ளிவாசலுக்கு வரும் பலர் தொழுகைச் சட்டம் கேட்பார்கள். அப்போதுதான் காயத்தின் கதையும் வெளிவரும். மருத்துவமனைக்கு வர ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டால், "சுளுக்குன்னு நினைச்சோம் ஹஜ்ரத்" என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும். எனவே இந்தக் காயத்தைப் பற்றி ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பெயர் ஒன்று, காயங்கள் இரண்டு

"முட்டி நழுவியது" என்று நாம் சொல்வது இரண்டு வெவ்வேறு காயங்களைக் குறிக்கும்.

முதலாவது, முட்டிச் சில்லு விலகுவது. முழங்காலின் முன்பக்கம் கையால் தொட்டால் தெரியும் வட்டமான சிறிய எலும்புதான் சில்லு. அது தொடை எலும்பின் முன்னுள்ள பள்ளத்தில் மேலும் கீழும் வழுக்கி ஓடுகிறது. பாதம் தரையில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பும்போது, சில்லு பள்ளத்தை விட்டு வெளிப்பக்கமாகத் தாவிவிடும். பந்து விளையாடும் பதின்வயதுப் பிள்ளைகளிடமும் இளைஞர்களிடமும் அதிகம் காணப்படுவது இதுவே.

இரண்டாவது, மூட்டே விலகுவது. மேலே தொடை எலும்பு, கீழே கீழ்க்கால் எலும்பு. இவ்விரண்டையும் 4 முக்கிய இணைப்பு நார்கள், அதாவது லிகமென்ட்கள், பிடித்து வைத்திருக்கின்றன. உள்ளே குறுக்காக 2, பக்கத்துக்கு ஒன்றாக 2. இவற்றில் பெரும்பாலும் இரண்டோ அதற்கு மேலோ அறுந்தால்தான் எலும்புகள் ஒன்றை விட்டு ஒன்று விலகும். அதற்குப் பெரிய வேகம் தேவை. சாலை விபத்தும் உயரத்திலிருந்து விழுவதும் முக்கியக் காரணங்கள். உடல் எடை மிக அதிகமுள்ளவர்களுக்கு வெறுமனே தடுக்கி விழுந்தாலே இது நேர்வதுண்டு.

முதலாவது காயம் வலி மிகுந்தது, ஆனால் பெரும்பாலும் கால் போகும் அளவுக்கு ஆபத்தானதல்ல. இரண்டாவது, மணிக்கணக்கில் கெடு வைத்துக்கொண்டு வரும் அவசரநிலை.

ஆபத்து எலும்பில் இல்லை

முழங்காலின் பின்பக்கக் குழிவில் ஒரு பெரிய தமனி ஓடுகிறது. பாப்ளிட்டியல் தமனி என்பது அதன் பெயர். முழங்காலுக்குக் கீழே போகும் ரத்தம் முழுவதற்கும் இதுதான் தலைமை வழி. முழங்காலுக்குச் சற்று மேலேயும் சற்றுக் கீழேயும் இந்தத் தமனி தசைகளோடு இறுகப் பிணைந்திருக்கிறது. இரண்டு முனையிலும் கட்டிய கயிற்றை நடுவில் இழுத்தால் என்ன ஆகும்? மூட்டு விலகும்போது தமனிக்கும் அதுவே நேர்கிறது. அது அறுந்துபோகலாம். அல்லது வெளியே முழுதாகத் தெரிந்தாலும் உட்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் மெல்ல உறைந்து, சில மணி நேரம் கழித்து அடைத்துக்கொள்ளலாம். மூட்டு முழுமையாக விலகியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தமனிக் காயம் ஏற்படுகிறது.

இந்தத் தமனியின் அருமையை மருத்துவ உலகம் போர்க்களத்தில் கற்றது. 2ஆம் உலகப் போரில் காயமடைந்த அமெரிக்க வீரர்களின் 2,471 தமனிக் காயங்களை ஆராய்ந்து டிபேக்கி, சிமியோன் என்ற இரு அறுவை மருத்துவர்கள் 1946இல் கட்டுரை வெளியிட்டனர். பாப்ளிட்டியல் தமனியில் காயம்பட்டவர்களில் 10க்கு 7 பேருக்கு மேல் காலை இழந்திருந்தார்கள். கொரியப் போரில் தமனியைத் தைத்துச் சரிசெய்யும் முறை வந்த பிறகு அந்த இழப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. மூட்டு விலகலைப் பற்றி 1977இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது: 8 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் சரிசெய்யப்பட்டவர்களில் பெரும்பாலானோரின் கால் பிழைத்தது, அதைத் தாண்டியவர்களில் 86 விழுக்காட்டினரின் காலை அகற்ற நேர்ந்தது. இன்றும் மருத்துவர்கள் 6 மணி நேரம் என்ற இலக்கை வைத்துக்கொண்டு ஓடுவது இதனால்தான்.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. விலகிய மூட்டு, அடிபட்ட இடத்திலேயே தானாகத் திரும்பப் பொருந்திவிடலாம். மருத்துவமனைக்கு வருபவர்களில் கணிசமானோருக்கு இப்படி ஆகியிருக்கும். பார்வைக்குக் கால் நேராக இருக்கும், எக்ஸ்ரேயில் எலும்பு முறிவும் தெரியாது. "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்குப் போய்விட்டால், இரவில் பாதம் ஜில்லிட்டுப் போகும்.

ரிஷப் பந்தின் முழங்கால்

கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்தின் விபத்து பலருக்கும் நினைவிருக்கும். 2022 டிசம்பர் 30 அன்று அதிகாலை, ரூர்க்கி அருகே அவரது கார் சாலைத் தடுப்பில் மோதித் தீப்பற்றியது. அவரது வலது முழங்கால் மூட்டு விலகியிருந்தது. நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் காலையே அகற்ற வேண்டி வந்திருக்கும் என்ற நிலையைப் பற்றி அவரே பின்னாளில் தொலைக்காட்சியில் பேசினார். முக்கிய ரத்தக்குழாயும் நரம்பும் தப்பியதுதான் அவருக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. 2023 ஜனவரியில் மும்பையில் லிகமென்ட்களுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஏறத்தாழ 15 மாதங்களுக்குப் பிறகு, 2024 மார்ச் மாதம்தான் அவரால் மீண்டும் ஐ.பி.எல். ஆட முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராகச் சதம் அடித்தார்.

இதில் நமக்கு 2 பாடங்கள். இது குணமாகக் கூடிய காயம். ஆனால் சிறந்த மருத்துவர்களும் முழுநேரப் பயிற்சியும் கிடைத்த இளம் விளையாட்டு வீரருக்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. நம் பிள்ளை ஒரு மாதத்தில் எழுந்து ஓடவில்லை என்று பதறி வைத்தியரை மாற்ற வேண்டியதில்லை.

அடிபட்ட இடத்தில்

செய்ய வேண்டியவை:

1. உடனே 108ஐ அழையுங்கள். காயம்பட்டவரை ஆட்டோவில் காலை மடக்கி உட்கார வைக்காதீர்கள்.
2. கால் எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் அசையாமல் வையுங்கள். மடித்த போர்வையோ தலையணையோ அண்டக் கொடுத்து, அட்டை அல்லது பலகை வைத்துத் தளர்வாகக் கட்டலாம்.
3. செருப்பு, காலுறை, கொலுசு, மெட்டி இருந்தால் வீங்கும் முன் கழற்றுங்கள்.
4. இரண்டு பாதங்களையும் தொட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். அடிபட்ட பாதம் குளிர்ந்தோ வெளிறியோ நீலம் பாய்ந்தோ இருந்தாலும், உணர்ச்சி இல்லாவிட்டாலும், பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியாவிட்டாலும் வந்ததும் முதலில் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.
5. விபத்து நடந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை:

1. இழுக்கக் கூடாது, நீவக் கூடாது, திருகக் கூடாது. சில்லு மட்டும் விலகியவர் தானாகக் காலை மெல்ல நீட்டும்போது அது திரும்பிப் பொருந்தலாம். அப்படி நடந்தாலும் எக்ஸ்ரே அவசியம்.
2. சோடா, காபி, சாப்பாடு எதுவும் கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து தர வேண்டியிருக்கலாம்.
3. சூடான ஒத்தடம் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம்.

புத்தூருக்கும் புத்தூருக்கும் உள்ள தூரம்

புத்தூர் கட்டு என்ற பெயர், நாட்டு எலும்பு வைத்தியத்துக்குப் பெயர்பெற்ற ஆந்திர மாநிலப் புத்தூரிலிருந்து வந்தது. நம் திருச்சிக்கும் ஒரு புத்தூர் உண்டு. மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கும் பகுதி அதுதான். மூட்டு விலகியவருக்கு வேண்டியது இந்த இரண்டாவது புத்தூர், அல்லது அதற்கு இணையான வசதியுள்ள ஒரு மருத்துவமனை. நாட்டு வைத்தியரின் கைத்திறனைக் குறை சொல்வது நோக்கமல்ல. இறுகக் கட்டிய கட்டுக்குள் தமனி அடைத்துக்கொண்டிருந்தால் அதைக் காண அவரிடம் கருவி இல்லை என்பதே விஷயம்.

ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவலிலும் இருப்பவர்கள் காவிரியைத் தாண்டியே வர வேண்டியிருக்கும். பாலத்தில் நெரிசல் உள்ள நேரமென்றால் அந்த நேரமும் கெடுவிலிருந்தே கழிகிறது. எனவே அருகிலுள்ள சிறிய கிளினிக்கில் வரிசையில் காத்திருக்காமல், எலும்பு சிகிச்சை, சி.டி. ஆஞ்சியோகிராம், ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை மூன்றும் உள்ள இடத்துக்கே நேராகப் போவது நல்லது.

பணத்தை நினைத்தும் தயங்க வேண்டாம். தமிழக அரசு 2021 டிசம்பரில் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தைத் தொடங்கியது. தமிழக எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவருக்கு, திட்டத்தில் இணைந்த தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்க இது வழிசெய்கிறது. வெளியூர்க்காரருக்கும், காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் இது பொருந்தும். அதன் பிந்தைய அறுவை சிகிச்சைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை கைகொடுக்கும். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வருபவரை வழக்கில் அலைக்கழிக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டமும் பாதுகாப்புத் தருகிறது.

மருத்துவமனையில்

மருத்துவர் முதலில் பாதத்தின் நாடியைப் பார்ப்பார். மயக்கம் கொடுத்து மூட்டைப் பொருத்திய பிறகு மீண்டும் பார்ப்பார். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடுவார். அந்த விகிதம் 0.9க்குக் கீழே இருந்தால் தமனியைப் படம் பிடித்துப் பார்ப்பார்கள். நாடி சரியாக இருந்தாலும் ஒன்றிரண்டு நாள் கண்காணிப்பில் வைப்பார்கள். "நல்லாத்தானே இருக்கார், ஏன் அட்மிஷன்?" என்று சண்டை போட வேண்டாம். தாமதமாக அடைக்கும் தமனிக்காகவே அந்தக் காவல்.

ரத்த ஓட்டம் உறுதியான பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்து, அறுந்த லிகமென்ட்களுக்கு அறுவை சிகிச்சை திட்டமிடப்படும். சில்லு விலகல் முதல் முறையாக இருந்து, எலும்புத் துணுக்கு பெயரவில்லை என்றால், சில வாரம் பட்டையும் பிசியோதெரபியும் பெரும்பாலும் போதும். தொடையின் முன்தசையை வலுவாக்குவதே இதில் மருந்து. பயிற்சியைப் பாதியில் விட்டவர்களுக்குச் சில்லு மறுபடி மறுபடி விலகும். அப்போது அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

ஆடையும் தொழுகையும்

சிகிச்சை தாமதமாக நம் வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. பெண்ணின் காலை ஆண் மருத்துவர் பார்க்க வேண்டுமே என்ற தயக்கம் அது. பெண் மருத்துவர் இருந்தால் கேட்டுப் பெறலாம். இல்லாவிட்டால், சிகிச்சைக்குத் தேவையான அளவு பார்ப்பதையும் தொடுவதையும் மார்க்கம் அவசியத்தின் பெயரில் அனுமதிக்கிறது. பெண் மருத்துவரைத் தேடி 3 மணி நேரம் அலைவது பேணுதல் ஆகாது.

முழங்கால் ஒளூவில் கழுவும் உறுப்பு அல்ல. கணுக்கால் வரை பாதம் திறந்திருந்தால் வழக்கம்போல் ஒளூ செய்யலாம். மாவுக்கட்டு பாதம் வரை இருந்தால் கட்டின் மேல் ஈரக் கையால் மஸ்ஹு செய்ய வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் அத்துடன் தயம்முமும் உண்டு. கடமையான குளிப்புக்கும் கட்டை நனைக்கத் தேவையில்லை, கட்டின் மேல் மஸ்ஹு செய்து மற்ற இடங்களைக் கழுவ வேண்டும்.

நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம். மருத்துவர் மடக்காதே என்று சொன்ன முழங்காலைத் தரையில் ஊன்றி சுஜூது செய்வது பக்தியின் அடையாளமல்ல. புதிதாகத் தைத்த நாரை அது மறுபடி அறுத்துவிடலாம். கியாமுக்கு மட்டும் நிற்க முடிந்தவர் என்ன செய்வது என்பதில் மத்ஹபுகளிடையே விளக்க வேறுபாடு இருப்பதால், உங்கள் பள்ளி இமாமிடம் நேரில் கேளுங்கள். பிசியோதெரபிஸ்ட்டிடமும், "தரையில் உட்கார்ந்து தொழ எப்போது முடியும்?" என்று தெளிவாகக் கேளுங்கள். அதைக் குறிக்கோளாக வைத்தே அவர் பயிற்சியை அமைத்துத் தருவார்.

நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். மூட்டு விலகியவர் விஷயத்தில் அந்தத் தேடலை நாளைக்கு ஒத்திப்போட முடியாது. வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்: இழுக்காதே, நீவாதே, பாதத்தைத் தொட்டுப் பார், நேரத்தைக் குறி, 108ஐ அழை.

அல்லாஹ் நம் அனைவரையும் விபத்துகளிலிருந்து பாதுகாத்து, நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.