மன்னித்த பிறகும் நடந்த வழக்கு

"மன்னிச்சுட்டாங்கல்ல, அப்புறம் எதுக்குங்க கேஸு?"

முதலிபாளையத்தில் ஒரு வாலிபர் கூட்டத்தில் கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ் பற்றிப் பேச்சு வந்தபோது, ஓவர்லாக் டெய்லர் ஒருவர் கேட்ட கேள்வி இது. சிட்கோ பனியன் கம்பெனிகளில் ஒடிசாக்காரர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அதனால் ஒடிசா எங்களுக்குத் தூரத்து ஊர் இல்லை. ஆனால் அங்கே 1999இல் நடந்தது பலருக்கும் ஒருவரிச் செய்தியாகத்தான் தெரியும்: கணவரையும் பிள்ளைகளையும் எரித்தவர்களை ஒரு பெண் மன்னித்தார். அந்த ஒருவரியோடு நிறுத்தினால் டெய்லரின் கேள்விக்குப் பதில் கிடைக்காது. முழுக் கதையையும் பார்க்க வேண்டும்.

கிரஹாம் ஸ்டெய்ன்ஸ் ஆஸ்திரேலியர். 1965இல் மயூர்பஞ்ச் மாவட்டத்துக்கு வந்தார். பாரிபதாவில் தொழுநோயாளர் இல்லத்தை நடத்தினார். 1999 ஜனவரி 22 இரவு, கியோஞ்சர் மாவட்டம் மனோகர்பூரில், தேவாலயத்துக்கு வெளியே நிறுத்தியிருந்த வண்டிக்குள் இரு மகன்களோடு படுத்திருந்தார். பிலிப்புக்கு 10 வயது. திமோத்திக்கு 6. நள்ளிரவுக்குப் பின் வந்த கும்பல் வண்டிக்குத் தீ வைத்தது. மூவரும் உள்ளேயே கருகினார்கள். கும்பலுக்குத் தலைமை தாங்கியது உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த தாரா சிங்.

சில நாட்களிலேயே கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். மகள் எஸ்தரோடு பாரிபதாவிலேயே தங்கி, தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்தார். நாடே அசந்து பார்த்தது. 2005இல் பத்மஸ்ரீ வந்தது. வழக்கமாக இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள்.

ஆனால் தாரா சிங் அப்போது பிடிபடவில்லை. தலைமறைவாக இருந்த மாதங்களில் மேலும் இருவர் கொல்லப்பட்டார்கள். 1999 ஆகஸ்டில் ஷேக் ரஹ்மான் என்ற முஸ்லிம் வியாபாரி. சில நாள் கழித்து, செப்டம்பர் தொடக்கத்தில், அருள்தாஸ் என்ற கத்தோலிக்கக் குருவானவர். அவர் தமிழ்நாட்டுக்காரர். மயூர்பஞ்சின் ஒரு மலைக்கிராமத்தில் இரவில் அம்பெய்து கொன்றார்கள். தாரா சிங் கைதானது 2000 ஜனவரி இறுதியில்தான். பின்னர் இந்தக் கொலைகளுக்காகவும் தண்டனை கிடைத்தது.

என் பார்வையில், டெய்லரின் கேள்விக்கு வரலாறு சொல்லும் பதில் இந்த இரண்டு பெயர்களில் இருக்கிறது. கிளாடிஸ் மன்னித்ததால் ரஹ்மானும் அருள்தாஸும் சாகவில்லை. அரசு தன் வேலையை நேரத்துக்கு முடிக்காததால் செத்தார்கள். கிளாடிஸின் மன்னிப்பு அவருடைய சொந்தக் காயத்துக்கானது. அடுத்தவரைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. ஒருவர் மனசாரச் செய்த மன்னிப்பு இன்னொருவருடைய கடமையை ரத்து செய்யாது.

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், எனக்கு வரவேண்டிய பீஸ் ரேட் பாக்கியை நான் வேண்டாம் என்று விட்டுவிடலாம். பக்கத்து மெஷின்காரருடைய பாக்கியை விட்டுக்கொடுக்க நான் யார்? கிளாடிஸுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. மன்னிப்பு வேறு, சட்டப்படி வரும் விளைவு வேறு என்று அவர் பிரித்தே பேசினார். பழிவாங்கச் சொல்லி அவர் நீதிமன்றத்தை நெருக்கவில்லை. வழக்கைக் கைவிடச் சொல்லவும் இல்லை.

வழக்கு அதன் போக்கில் நடந்தது. 2003 செப்டம்பரில் விசாரணை நீதிமன்றம் தாரா சிங்குக்கு மரண தண்டனையும், 12 பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. 2005 மே மாதம் ஒரிசா உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. 11 பேரை விடுவித்தது. மகேந்திர ஹெம்ப்ராம் என்பவரின் ஆயுள் தண்டனை மட்டும் நிலைத்தது. 2011 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அமர்வில் இருந்தவர்களில் ஒருவர் பவானி பக்கத்துக் கடப்பநல்லூர்க்காரரான நீதிபதி சதாசிவம். மூன்று ஆண்டு கழித்து, தலைமை நீதிபதியாக, கருணை மனுக்களின் தாமதம் உள்ளிட்ட காரணங்களைக் காட்டி 15 பேரின் தூக்கை ஆயுளாக மாற்றிய அமர்வுக்குத் தலைமை வகித்ததும் அவர்தான். அரசும் கருணை காட்டலாம். ஆனால் அது காரணத்தை எழுதிக் காட்ட வேண்டிய கருணை.

அந்த 2011 தீர்ப்பிலேயே ஒரு சறுக்கல் இருந்தது. மதப் பணிகளுக்காக ஸ்டெய்ன்ஸுக்குப் பாடம் புகட்டுவதே நோக்கமாக இருந்தது என்ற பொருளில் சில வரிகள். கண்டனம் எழுந்தது. நான்கே நாளில், ஜனவரி 25 அன்று, நீதிமன்றம் தானாகவே அவற்றை நீக்கியது. தூக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தது சரி என்றே நான் நினைக்கிறேன். அந்த வரிகள்தான் தவறு. தண்டனையைக் குறைப்பது ஒன்று, குற்றத்தைக் குறைத்துச் சொல்வது வேறொன்று. குற்றம் சின்னதாகிவிட்டால் மன்னிக்க அங்கே என்ன மிச்சம் இருக்கும்?

நற்செய்திகளை இந்த வழக்கோடு சேர்த்து வாசித்தால் இரண்டு பேர் வேறு மாதிரி தெரிகிறார்கள். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குப் பரதீசு வாக்களிக்கப்பட்டது, ஆனால் அவன் சிலுவையிலிருந்து இறக்கப்படவில்லை. சகேயு வீட்டுக்கு இயேசு தங்க வந்தார். ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சகேயு எழுந்து நின்று சொன்னான். இரக்கம் முதலில் வந்தது. கணக்கு அதற்குப் பிறகும் தீர்க்கப்பட்டது. 'மன்னிச்சு விட்டுருங்க' என்று பாதிக்கப்பட்டவரிடம் மட்டும் போய் நிற்கும் நம் சபைப் பெரியவர்கள், பெரும்பாலும் இந்த இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

ஹெம்ப்ராம் 25 ஆண்டு சிறைக்குப் பின், நன்னடத்தை அடிப்படையில் 2025 ஏப்ரலில் விடுதலையானார். தாரா சிங்கும் முன்விடுதலை கேட்டு உச்ச நீதிமன்றம் போயிருக்கிறார். ஒரு மனிதர் சிறைக்குள்ளேயே சாக வேண்டும் என்று ஆசைப்பட எனக்கு மனம் வரவில்லை. அந்த மனுவைச் சட்டம் தன் அளவுகோலில் பரிசீலிக்கட்டும். ஆனால் 'ஸ்டெய்ன்ஸின் மனைவியே மன்னிச்சுட்டாங்களே' என்று யாராவது அதற்கு ஆதரவாகச் சொன்னால், ஷேக் ரஹ்மான், அருள்தாஸ் என்ற இரண்டு பெயர்களை அவருக்கு நினைவுபடுத்துங்கள். அவர்கள் சார்பாக மன்னிக்கும் உரிமை கிளாடிஸுக்கும் இல்லை, நமக்கும் இல்லை.