செக்ரோலில் ஒரு பேர்

பதுளை, பசறை, நமுனுகுலை, அப்புத்தளை மலைத்தோட்டங்களில் விடியற்காலையிற் பிரட்டுக்களத்திலே தொடங்குவது வேலை மட்டுமன்று. ஒரு கணக்கும் அங்கே தொடங்குகின்றது. வேலை செய்தவருக்குச் செக்ரோலில் ஒரு பேர் விழும். வராதவரின் கட்டம் வெறுமையாக நிற்கும். 'இந்த மாதம் எத்தனை பேர்?' என்று தோட்டத்தில் ஒருவர் வினவினால், எத்தனை நாட்கூலி என்பதே பொருள். ஆளின் பெயரே அவருடைய நாளுக்கும் பெயராயிற்று.

தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதித் தோட்டம்விட்டுத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921இல் சட்டத்தினால் ஒழிந்தது. செக்ரோல் ஒழியவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. அப்போதும் கட்டங்கள் மாறவில்லை.

உண்டு, இல்லை என்னும் இரண்டே நிலைகளை இயற்கணிதமாக்கியவர் ஜோர்ஜ் பூல். அவர் நூல் வெளிவந்தது 1854இல். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிடுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னர். மின்சுவிச்சுகளும் அக்கணிதத்துக்கு அடங்கும் என 1938இல் கிளோட் ஷானன் காட்டினார். கணினி அதன்மேல் எழுந்தது.

கணினியில் ஒரு கட்டத்துக்குப் 'பிட்' என்று பெயர். முப்பத்திரண்டு பிட்டுகள் கொண்ட ஒரே எண்ணுக்குள் ஒருவரின் முப்பத்தொரு நாட்களும் அடங்கிவிடும். முதல் நாளின் மதிப்பு 1, இரண்டாம் நாளுக்கு 2, மூன்றாம் நாளுக்கு 4. இவ்வாறே இரட்டித்துச் சென்றால் பன்னிரண்டாம் நாளுக்கு 2048. மாதக் கணக்கையும் 2048ஐயும் 'எக்ஸ்-ஆர்' என்னும் செயலாற் சேர்த்தால் அந்நாள் மட்டும் புரளும்: இருந்தது போகும், இல்லாதது வரும். ஏனைய நாட்கள் அசையா. குறித்த அளவு கொழுந்து பறியாதவருக்கு விழும் அரைப்பேரை எழுத ஒரு பிட் போதாது. நாளொன்றுக்கு இரண்டு வேண்டும், அறுபத்திரண்டு பிட்டுகளாகும்.

மலையில் எழுதிய புத்தகத்தையும் அலுவலகப் பேரேட்டையும் இதே செயலால் ஒப்பிடலாம். ஒத்த நாட்கள் சுழியாகும். முரண்பட்ட நாட்கள் மட்டும் ஒன்றாய் எஞ்சும்.

ஆனால் புரட்டுவதில் ஓர் இடர் உண்டு. பன்னிரண்டாம் நாளுக்குரிய பேர் விடுபட்டிருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஓர் எழுதுநர் அதைப் புரட்டித் திருத்துகின்றார். அஃதறியாத மற்றொருவர், அதே முறைப்பாட்டைக் கேட்டு, மாலையில் மீண்டும் புரட்டுகின்றார். இருவரும் நல்லெண்ணத்துடனே செய்தனர். கொழுந்துக்கூடை சுமந்தவளின் ஒருநாட் கூலி மட்டும் மறைந்துவிட்டது. ஆகவே, பேர் சேர்க்கவேண்டிய இடத்தில் 'அல்லது' என்னும் செயலையே நிரலர் கையாள்வர். அதனை எத்தனை முறை செய்தாலும் விழுந்த பேர் விழுந்தபடியே இருக்கும்.