லிங்கன் சுரங்கப்பாதைக்கு மேலே ஒரு குரல்

நியூ ஜெர்சியில் வளர்ந்த நமக்கு ஹெலிகாப்டர் சத்தம் புதிதல்ல. காலையில் டிவியைப் போட்டால், டர்ன்பைக்கில் கார்கள் எங்கே தேங்கி நிற்கின்றன என்று வானத்திலிருந்து காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் அம்மா எந்த வழியில் வேலைக்குப் போவது என்று முடிவு செய்வார். அந்தப் படத்துக்குப் பின்னால் இருப்பவர்களின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

தொடங்கி வைத்தவர் ஜான் சில்வா. லாஸ் ஏஞ்சலஸில் கேடிஎல்ஏ தொலைக்காட்சியின் பொறியாளர். அந்தக் காலத்தில் கேமராவும் ஒளிபரப்புக் கருவிகளும் ஒரு வேனையே நிரப்பிவிடும். அவற்றின் எடையைக் குறைத்து, 1958-இல் ஒரு சின்ன பெல் ஹெலிகாப்டரில் ஏற்றினார். ஜூலை 3, முதல் சோதனை. மேலே போனதும், "படமே வரவில்லை" என்று கீழிருந்து சொன்னார்கள். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டரிலிருந்து வெளியே இறங்கி, அடியில் இருக்கும் கம்பியில் கால் வைத்து நின்றபடி கருவியைச் சோதித்தார்! அதிர்விலும் சூட்டிலும் அதற்குள் ஒரு வால்வு போய்விட்டிருந்தது. மறுநாள் படம் வந்தது. 1963-இல் பால்ட்வின் ஹில்ஸ் அணை உடைந்ததை மக்கள் வீட்டிலிருந்தே பார்த்தது அந்த ஹெலிகாப்டரால்தான்.

வானொலி நிலையங்களும் டிராஃபிக் சொல்ல ஆட்களைப் பறக்கவிட்டன. அவர்களில் எனக்கு மறக்கவே முடியாதவர் ஜேன் டோர்னக்கர். சான் ஃபிரான்சிஸ்கோவில் தபால் கொடுத்தவர், ராக் பாடகி, நகைச்சுவைக் கலைஞர். பிறகு நியூயார்க் வந்து டபிள்யூஎன்பிசி வானொலியில் சேர்ந்தார். 1986 ஏப்ரலில் அவர் போன ஹெலிகாப்டர் நம்ம ஹாக்கன்சாக் ஆற்றில் விழுந்தது. அவரும் விமானியும் நீந்திக் கரையேறினார்கள்.

அவர் மறுபடியும் ஏறினார். நானாக இருந்தால் ஏறியிருப்பேனா, தெரியாது. சில மாதங்களில் கணவர் இறந்தார். பதின்வயதில் ஒரு மகள் இருந்தாள். அக்டோபர் 22, மாலை நெரிசல் நேரம். லிங்கன் சுரங்கப்பாதை நிலவரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே கிளட்ச் கோளாறால் ஹெலிகாப்டர் ஹட்சன் ஆற்றில் விழுந்தது. அவர் அலறியதை, வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள் கார் ரேடியோவில் நேரடியாகக் கேட்டார்கள். விமானி பலத்த காயத்தோடு பிழைத்தார். ஜேன் பிழைக்கவில்லை.

எந்திரக் கோளாறு மட்டுமல்ல ஆபத்து. 2007 ஜூலையில் ஃபீனிக்ஸ் நகரில் போலீஸ் ஒரு வண்டியைத் துரத்தியதைப் படம்பிடித்த இரண்டு செய்தி ஹெலிகாப்டர்கள் மோதி நால்வர் இறந்தார்கள். அதை ஓட்டியவர்களே நேரலையில் பேசவும் வேண்டியிருந்தது. கீழே ஓடும் வண்டியையும் கவனிக்க வேண்டியிருந்தது. ஒருவருக்கு எத்தனை வேலை? விசாரணை அறிக்கையும் இதை ஒரு காரணமாகச் சொன்னது.

2023 டிசம்பர் 19 இரவு, பிலடெல்பியாவின் 6ஏபிசி ஹெலிகாப்டர் தெற்கு ஜெர்சியின் வார்ட்டன் வனத்தில் விழுந்தது. விமானியும் ஒளிப்பதிவாளரும் இறந்தார்கள். கடற்கரைப் பக்கம் படம் எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.